நுண்ணறிவும் சமயப்பற்றும்: கொழும்பில் தமிழில் ஆய்வு செய்ய எந்தச் சோதனை, எந்த வினாக்கொத்து?

நுண்ணறிவு கூடியவர்களிடம் சமய நம்பிக்கை குறைவா? கொழும்பில் தமிழ் பேசுவோரிடம் இதை ஆராயப் புறப்படும் மாணவர் இரண்டு கருவிகளைத் தெரிவுசெய்ய வேண்டும்: நுண்ணறிவை அளக்க ஒன்று, சமயப்பற்றை அளக்க ஒன்று. முதலாவதற்காக மாதக்கணக்கில் அலைவார்கள். இரண்டாவதற்கு ‘கடவுளை நம்புகிறீர்களா?’, ‘மாதத்தில் எத்தனை தரம் கோயிலுக்குப் போவீர்கள்?’ என்று நாலு கேள்வியை ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். ஆய்வு விழுவது அநேகமாக அந்தப் பின்னேரத்தில்தான். ஒழுங்காக ஆக்கப்பட்ட நுண்ணறிவுச் சோதனைகள் எல்லாம் ஓரளவுக்கு ஒரே திறனைத் தொடுகின்றன. சமய வினாக்கொத்துகள் அப்படியல்ல. இந்த ஊரில் அது பிழைத்துப்போனால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

எவ்வளவு சிறிய தொடர்பைத் தேடுகிறோம்

கருவியைத் தேடுமுன் தேடும் பொருளின் அளவு தெரிய வேண்டும். 2013இல் மிரோன் சக்கர்மன், ஜோர்டன் சில்பர்மன், ஜூடித் ஹால் ஆகியோர் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 53 ஆய்வுகளில் தொடர்பு எதிர்த்திசையில் இருந்தது: நுண்ணறிவு கூடச் சமயப்பற்று குறைந்தது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் (0 என்றால் தொடர்பில்லை, −1 என்றால் முழு எதிர்த்தொடர்பு) சராசரியாக ஏறத்தாழ −0.24. 83 ஆய்வுகளுடன் 2020இல் வந்த மறுதொகுப்பில் அது −0.20க்கும் −0.23க்கும் இடைப்பட்டது. 2022இல் டியூர்லிங்கர், பீட்ஷ்னிக் இருவரும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்தபோது −0.14 ஆகச் சுருங்கியது. −0.14ஐ வர்க்கித்தால் 0.02. அதாவது மனிதருக்கு மனிதர் சமயப்பற்று வேறுபடுவதில் 2 சதவீதம் மட்டுமே நுண்ணறிவுப் புள்ளியோடு சேர்ந்து நகர்கிறது. ஒருவரின் புள்ளியைப் பார்த்து அவர் பக்தரா இல்லையா என்று சொல்ல இந்த எண் எந்த உரிமையும் தரவில்லை. பட்டிமன்ற மேடையில் இதைத் தூக்கிப் பிடிக்கும் இரு தரப்பும் இந்த 2 சதவீதத்தைக் கவனிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் மேற்கு நாடுகளிலும் நடந்தவை. 13 நாடுகளில் 3461 பேரிடம் நடத்தி 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், நிதானித்துச் சிந்திக்கும் பழக்கத்துக்கும் நம்பிக்கையின்மைக்கும் உள்ள தொடர்பு, நாடுகளைத் தனித்தனியே பார்த்தபோது மூன்றில் மட்டுமே உறுதியாகத் தெரிந்தது. ஆகவே கொழும்பில் கிடைக்கும் விடை மேற்கின் விடையாக இருக்கும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஆய்வு செய்யத் தகுந்ததாக இருப்பதே அதனால்தான்.

2013 தொகுப்பு மூன்று விளக்கங்களை முன்வைத்தது. நுண்ணறிவு கூடியவர் ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு அவ்வளவு இணங்கமாட்டார் என்பது ஒன்று. முதலில் தோன்றும் விடையை நிறுத்திச் சோதித்துப் பார்க்கும் சிந்தனைப் பாங்கு என்பது இரண்டு. சமயம் தரும் மனக்கட்டுப்பாடு, தன்மதிப்பு, துணை ஆகியவற்றை நுண்ணறிவு வேறு வழிகளில் பெற்றுத்தருகிறது என்பது மூன்று. எந்த விளக்கத்தைச் சோதிக்கிறீர்கள் என்பதே எந்தக் கருவி வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். முதலாவது விளக்கம் கொழும்பில் தலைகீழாகவும் திரும்பலாம். சைவக் குடும்பத்தில் பிறந்து, வீட்டார் எதிர்ப்பை மீறிக் கிறிஸ்தவச் சபையொன்றில் சேர்ந்தவரும் ஊரோடு ஒத்துப்போகாதவரே. அவருடைய சமயப்பற்றோ கூடித்தான் இருக்கிறது. ஆகவே ‘பிறந்த சமயம்’, ‘இப்போதைய சமயம்’ என இரண்டையும் கேட்காத வினாக்கொத்தால் முதல் விளக்கத்தைச் சோதிக்கவே முடியாது.

நுண்ணறிவுச் சோதனை எதைத் தொடுகிறது

1905இல் அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் பாரிஸில் முதற் சோதனையை ஆக்கியது, வகுப்பில் மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளை இனங்காண. யார் உயர்ந்தவர் என்று தரம்பிரிக்க அல்ல. அதற்கு முந்திய ஆண்டில் சார்ள்ஸ் ஸ்பியர்மன் ஒன்றைக் காட்டியிருந்தார்: ஒரு பாடத்தில் நன்றாகச் செய்பவர் மற்றப் பாடங்களிலும் நன்றாகச் செய்யும் போக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் ஓடுகிறது. இன்றைய சோதனைகள் அந்தப் பொதுத்திறனையும், அதற்குக் கீழே இரண்டு பெரிய கிளைகளையும் அளக்கின்றன. புதிய சிக்கலை அந்த இடத்திலேயே யோசித்து அவிழ்க்கும் திறன் ஒரு கிளை. சொல்வளம், பொது அறிவு எனக் கற்றுச் சேர்த்த அறிவு மறு கிளை. சராசரி 100, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 15 என்பது ஒத்த வயதினரோடு ஒப்பிட்டு வைக்கும் இடம். மூவரில் இருவருக்குச் சற்று மேற்பட்டோர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். படைப்பாற்றல், விவேகம், நேர்மை, சொந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் மனம் ஆகியவை இதில் இல்லை. சமய நம்பிக்கையோடு அதிகம் உரசக்கூடியது அந்தக் கடைசி ஒன்றுதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தெரிவு: வெக்ஸ்லர்

வெக்ஸ்லர் பெரியோர் சோதனையின் நான்காம் பதிப்பு, 2008இல் வந்தது, 16 முதல் 90 வயது வரைக்கானது. 10 அடிப்படை உபசோதனைகள். ஒருவருக்கு 60 முதல் 90 நிமிடம். நம்பகம், அதாவது திரும்ப அளந்தாலும் ஏறத்தாழ அதே புள்ளி வரும் தன்மை, மிக உயர்வு. ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டா என்று பார்க்க வேண்டிய நிலையில், பயிற்சி பெற்ற உளவியலாளரின் கையில், இதே குடும்பத்தின் சிறுவர் பதிப்புக்கு ஈடில்லை. குழு ஆய்வுக்கு இது சரிவராது. ஒவ்வொருவராக இருத்திச் செய்ய வேண்டும். 400 பேருக்கு ஒருவருக்கு 75 நிமிடம் என்றாலும் 500 மணித்தியாலம்.

நேரத்தைவிடப் பெரிய தடை மொழி. சொல்வளம், பொது அறிவு ஆகிய பகுதிகளை அப்படியே பெயர்த்தால் வினாக்களின் கடின வரிசை குலைந்துவிடும்: ஆங்கிலத்தில் அரிய சொல் தமிழில் அன்றாடச் சொல்லாகலாம், மறுதலையாகவும் ஆகலாம். இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதி மொழிக்கு அப்பாற்பட்டது போலத் தோன்றும், அதுவும் அப்படியல்ல. வெல்ஷ் மொழியில் இலக்கப் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் பிடிப்பதால், இருமொழியாளர்களும் வெல்ஷில் குறைவான இலக்கங்களையே நினைவில் வைத்தார்கள் என்று 1980இல் எல்லிஸ், ஹென்னலி ஆகியோர் காட்டினர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பவையும் ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்களைவிட நீளமானவை. ஆகவே அமெரிக்க நியமத்தை (அமெரிக்கரிடம் எடுத்த ஒப்பீட்டுப் புள்ளிகளை) வைத்துத் தமிழில் செய்தவருக்கு நினைவுப் புள்ளி கொடுத்தால், நினைவாற்றலில் இல்லாத குறையைக் குறையென்று எழுதுவதாக முடியும்.

இரண்டாம் தெரிவு: ரேவன் மெட்ரிசஸ்

ஜோன் ரேவன் 1938இல் வெளியிட்டது. ஒரு மூலை வெறுமையாக விடப்பட்ட வடிவக் கோலம்; கீழே தரப்பட்டவற்றில் எது பொருந்தும் என்று காண வேண்டும். பொதுப் பதிப்பில் 5 தொகுதிகள், தொகுதிக்கு 12, மொத்தம் 60 வினா. முதலிரு தொகுதிகளில் 6 தெரிவுகள், மற்ற மூன்றில் 8. எழுத வாசிக்க வேண்டியதில்லை; செய்முறை விளக்கம் தமிழில் இரண்டு நிமிடத்தில் முடியும். ஒரே வகுப்பறையில் 20 பேருக்கு வைக்கலாம்; 400 பேரை 20 அமர்வுகளில் முடித்துவிடலாம்.

பிழைப்பது எங்கே? மூன்று இடத்தில். முதலாவது, பல்கலைக்கழக மாணவருக்குப் பொதுப் பதிப்பைக் கொடுத்தால் பலர் மேல் எல்லையில் குவிந்துவிடுவார்கள்; வேறுபாடு தெரியாது. அவர்களுக்கு 36 வினா கொண்ட உயர்நிலைப் பதிப்பு, 40 நிமிடம், பொருத்தம். இரண்டாவது, தலைமுறை. ஜேம்ஸ் ஃப்ளின் காட்டியபடி நுண்ணறிவுப் புள்ளிகள் இருபதாம் நூற்றாண்டில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 என்ற அளவில் ஏறின. ரேவன் வகைச் சோதனைகளில் ஏற்றம் இன்னும் கூட. 65 வயது அம்மம்மாவும் 22 வயதுப் பேத்தியும் ஒரே மாதிரியில் இருந்தால், அம்மம்மாவின் புள்ளி குறைவாகவும் பக்தி கூடவும் வரும். நுண்ணறிவுக்கும் பக்திக்கும் தொடர்பு இருப்பதுபோலத் தெரிவது உண்மையில் வயதின் வேலை. மாதிரியை 18 முதல் 30 வயதுக்குள் வைப்பது எளிய மருந்து. மூன்றாவது, உரிமம். இது விலைக்கு விற்கப்படும் பதிப்புரிமைச் சோதனை. வாங்குபவருக்கு உளவியல் தகுதி கேட்பார்கள். கையில் கிடைத்த பழைய போட்டோகொப்பியைப் பயன்படுத்துவது சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதம் என்பதோடு, அதே வினாக்கள் மாதிரித் தாள்களில் உலவி வந்திருந்தால் அளவீடும் கெட்டுப்போகும்.

மூன்றாம் தெரிவு: ஐகார்

கொண்டன், ரெவெல் இருவரும் 2014இல் அறிமுகப்படுத்திய சர்வதேச அறிதிறன் வினாத் தொகுப்பு (ஆங்கிலச் சுருக்கம் ஐகார்) ஆய்வாளர்களுக்கு இலவசம். 60 வினா: எழுத்து–எண் தொடர் 9, மெட்ரிக்ஸ் (ரேவன் வகை வடிவக் கோலம்) 11, சொல் நியாயம் 16, முப்பரிமாணச் சுழற்சி 24. ஒவ்வொன்றிலும் நான்கெடுத்த 16 வினாச் சுருக்கமும் உண்டு. பணமில்லாத மாணவருக்கு எங்கள் தெரிவு இதுவே. ஆனால் அப்படியே எடுக்கக்கூடாது.

எழுத்துத் தொடரைத் தமிழாக்க முயல வேண்டாம். ஆங்கில அகரவரிசை 26 எழுத்தும் ஒரே கயிறு. தமிழ் எழுத்துகள் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 கொண்ட கட்டம். ‘க’வுக்கு அடுத்தது ‘கா’வா, ‘ங’வா? இரண்டும் சரி. வினாவின் விடையே இரண்டாகிவிடும். எண் தொடராக மாற்றிக்கொள்ளுங்கள். சுழற்சி வினாக்களை மட்டும் நம்பினால் வேறொரு பொறி இருக்கிறது: மனதில் உருவத்தைச் சுழற்றும் சோதனைகளில் ஆண்களின் சராசரி கூட, சமயப்பற்று வினாக்களில் பல சமூகங்களில் பெண்களின் சராசரி கூட. இரண்டும் சேர்ந்து, பாலினத்தால் வந்த வேறுபாட்டை நுண்ணறிவின் தலையில் கட்டிவிடும். மெட்ரிக்ஸ் 11ஐ முழுதாக எடுத்து, எண் தொடர் 6, சுழற்சி 4 சேர்த்தால் 21 வினா. 30 நிமிடம் போதும். சேர்த்துச் செப்பனிட்டதால் வெளிநாட்டு நியமம் எதுவும் இதற்குப் பொருந்தாது. பொருந்தவும் தேவையில்லை: தொடர்பு தேடும் ஆய்வுக்குச் சரியான விடைகளின் எண்ணிக்கையே போதும். அதை 100, 115 என்று மாற்றி எழுதவே கூடாது. பங்குபற்றியவருக்கு ‘உங்கள் ஐக்யூ இவ்வளவு’ என்று சொல்லவும் கூடாது.

நான்காம் தெரிவு: மூன்று வினாச் சிந்தனைச் சோதனை

ஷேன் ஃபிரடெரிக் 2005இல் வெளியிட்ட இந்தச் சோதனை நுண்ணறிவை நேரே அளப்பதல்ல. மனதில் சட்டென்று எழும் பிழையான விடையை நிறுத்திப் பார்க்கிறோமா என்று அளப்பது. இலங்கை ரூபாவில் சொன்னால்: மட்டையும் பந்தும் சேர்த்து 1100 ரூபா; மட்டையின் விலை பந்தின் விலையைவிட 1000 ரூபா அதிகம்; பந்து எவ்வளவு? 100 என்று வாய் முந்தும். விடை 50. இரண்டாம் விளக்கத்தைச் சோதிப்பவருக்கு இது அவசியம். ஆனால் தனியே இதை மட்டும் வைத்தால் போதாது. ஃபிரடெரிக்கின் சொந்த மாதிரியிலேயே 33 சதவீதமானோர் ஒன்றும் சரியாகச் செய்யவில்லை. மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர் 17 சதவீதம். கணிதப் பயம் உள்ளவர் பூச்சியத்தில் நிற்பார். இணையத்தில் பார்த்தவர் மூன்றும் எடுப்பார்.

கணக்கு அவ்வளவு தேவைப்படாத நான்கு வினா கொண்ட இரண்டாம் பதிப்பு ஒன்று 2016இல் வந்தது. அதைத் தமிழாக்கும்போது இன்னொரு சிக்கல். ‘15 ஆடுகளில் 8 தவிர மற்றவை இறந்தன, மீதி எத்தனை?’ என்ற வினாவில் ஆங்கில அமைப்பு கழிக்கத் தூண்டுகிறது. தமிழில் ‘தவிர’ என்ற சொல் வந்தவுடனேயே பொறி விலகிவிடுகிறது. எல்லோரும் 8 என்பார்கள். ‘ஓட்டப்போட்டியில் இரண்டாவதாக ஓடுபவரை முந்தினால் நீங்கள் எத்தனையாவது?’ என்பது தமிழிலும் அப்படியே பிடிக்கிறது. பலர் முதலாவது என்பார்கள், விடை இரண்டாவது. மாதப் பெயர்களை வைத்து மூன்றாவது மகளின் பெயர் கேட்கும் வினாவை, ‘மதியின் அப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள், வீட்டுப் பெயர் திங்கள், செவ்வாய், அடுத்தது?’ என்று ஆக்கலாம். புதன் என்று வாய் முந்த வேண்டும், விடை மதி. விலை வினாவில் ‘அதிகம்’ என்றே எழுதுங்கள். ‘1000 ரூபா கூட’ என்று எழுதினால், நம்மூர்ப் பேச்சில் அது ‘மேலதிகம்’ என்றும் ‘சேர்த்து’ என்றும் இரண்டு விதமாக விளங்கும்.

பரீட்சைப் புள்ளிகளை எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் 200 புள்ளிகளில் நுண்ணறிவு வகை வினாக்கள் இருப்பது உண்மை. ஆனால் இரண்டு வருட டியூஷனும் கடந்தகால வினாத்தாள்களும் அந்தப் புள்ளியில் கரைந்திருக்கின்றன. வெட்டுப்புள்ளியே மொழிமூலத்துக்கும் மாவட்டத்துக்கும் வேறுபடுகிறது. உயர்தர இசட் புள்ளி பாடத்தெரிவோடு பின்னியது. இவற்றைக் கல்வியின் அளவீடாகக் கேளுங்கள், நுண்ணறிவின் இடத்தில் வைக்க வேண்டாம். கைபேசியில் வரும் இலவச ஐக்யூ சோதனைகள் பேசத் தகுந்தவையே அல்ல.

சமயப்பற்றை அளப்பது: கொழும்பின் உண்மையான சிக்கல்

2009இல் கலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் ‘உங்கள் அன்றாட வாழ்வில் சமயம் முக்கியமா?’ என்ற கேள்விக்கு இலங்கையில் 99 சதவீதமானோர் ஆம் என்றார்கள். 400 பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லை என்பவர் 4 பேர் கிடைக்கலாம். எல்லோரும் ஒரே உயரமாக உள்ள வகுப்பில் உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு தேட முடியாது. கடவுள் நம்பிக்கையை ஆம்–இல்லை கேள்வியாகக் கேட்ட எந்த ஆய்வும் இங்கே ‘தொடர்பில்லை’ என்றுதான் முடியும். அது நுண்ணறிவைப் பற்றியோ பக்தியைப் பற்றியோ எதையும் சொல்லாது, கேள்வியைப் பற்றி மட்டுமே சொல்லும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உண்மையான தொடர்பு −0.20 என்று வைப்போம். சமயப்பற்றுப் புள்ளியின் பரவல் பாதியாகச் சுருங்கினால் தெரிவது −0.10. −0.20ஐ 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்க 194 பேர் போதும், −0.10க்கு 783 பேர் வேண்டும். நல்ல வினாக்கொத்தால் மிச்சமாவது அந்த 589 பேர்.

வழிபாட்டுக்குப் போகும் தடவையைக் கேட்பது இரண்டாவது பொறி. ஞாயிறு திருப்பலி கத்தோலிக்கருக்குக் கடமை. வெள்ளி ஜும்ஆ முஸ்லிம் ஆண்களுக்குக் கடமை. முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தொழுவார்கள். ஐந்து வேளையும் தவறாத ஒரு பெண் இந்தக் கேள்விக்கு ‘ஒருபோதுமில்லை’ என்று குறிப்பார். சைவர்களுக்கு வாராந்தக் கடமை கிடையாது. வீட்டில் மரணம் நிகழ்ந்தால் 31 நாள் துடக்கு, கோயிலுக்குப் போகாமல் இருப்பதே அனுட்டானம். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை நிற்கும் கூட்டத்தில் சைவரும் பௌத்தரும் இருப்பதை எல்லோரும் அறிவர்; அவர்கள் தடவையை எந்தக் கணக்கில் எழுதுவது? ‘வாரம் ஒருமுறை’ என்ற ஒரே விடை ஒருவருக்குக் குறைந்தபட்சக் கடமை, இன்னொருவருக்கு ஆழ்ந்த பக்தி. மேலும், 2013 தொகுப்பிலேயே நுண்ணறிவோடு கூடுதலாகத் தொடர்புபட்டது நம்பிக்கைதான். வழிபாட்டுச் செயல் அவ்வளவுக்கு இல்லை. கோயிலுக்குப் போவதற்கு அம்மாவின் வற்புறுத்தலும் காரணமாகலாம்.

இனி வினாக்கொத்துகள். டியூக் பல்கலைக்கழகச் சமயச் சுட்டி ஐந்தே வினா: பொது வழிபாடு ஒன்று, தனி வழிபாடு ஒன்று, உள்ளார்ந்த சமயப்பற்று மூன்று. மூன்று நிமிடம் போதும். மூன்று பகுதிகளையும் கூட்டி ஒரே புள்ளியாக்குவது பரவலான பிழை. தனித்தனியே பகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நம்மிடம் உதவுவது கடைசி மூன்று மட்டுமே, அவையும் உச்சியில் குவியும். ஒல்போர்ட், ரொஸ் இருவரின் 1967ஆம் ஆண்டு அளவுத்திட்டம் தேவாலய வாழ்க்கையை நினைத்து எழுதப்பட்டது. முழுதாகத் திருப்பி எழுத வேண்டும். மாணவருக்கு அது ஒரு தனி ஆய்வு.

ஒருவரின் வாழ்வில் சமயம் எவ்வளவு மையமாக இருக்கிறது என்று அளக்கும் ஹூபரின் சமய மையத்தன்மை அளவுத்திட்டத்தையே பரிந்துரைக்கிறோம். சமயத்தைப் பற்றி யோசித்தல், நம்பிக்கை, பொது வழிபாடு, தனி வழிபாடு, சமய அனுபவம் என ஐந்து பரிமாணம். பல சமயத்தாருக்கான வடிவம் 7, 14, 20 வினா என மூன்று அளவில் உண்டு. பிரார்த்தனையோடு தியானத்தையும் கேட்டு, இரண்டில் கூடியதை எடுக்கும். ஆகவே ஒரே வழிபாட்டு முறையை எல்லோர் மேலும் திணிப்பதில்லை. 20 வினா வடிவத்தை எடுங்கள்: வினா கூடக்கூட நம்பகம் கூடும், சிறு வேறுபாடும் தெரியும். அதன் வழமையான வகுப்புப்படி 4.0உம் அதற்கு மேலும் ‘மிகுந்த சமயப்பற்று’. கொழும்பில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குள் விழக்கூடும் என்பதால் அந்த வகுப்புகளை விட்டுவிட்டு, தொடர்ச்சியான சராசரிப் புள்ளியையே பயன்படுத்துங்கள். நம்பிக்கைப் பரிமாணத்துக்கு 0 முதல் 10 வரையான உறுதி அளவை நீங்களே சேர்ப்பது நல்லது. ‘நம்புகிறேன்’ என்ற இருவரில் ஒருவர் 7, மற்றவர் 10 குறிப்பார்; நமக்கு வேண்டிய வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கண்ணூறு, செய்வினை, நாள் நட்சத்திரம் பற்றிய வினாக்களைக் கேட்பதென்றால் தனிப் பகுதியாக வையுங்கள். சமயப்பற்றுடன் கூட்டினால் எதை அளந்தோம் என்று பிறகு பிரிக்க முடியாது.

சொற்களில் கவனம் இன்னும் வேண்டும். கத்தோலிக்கருக்கும் ‘கோயில்’ உண்டு. ‘பள்ளி’ என்றால் ஒரு வீட்டில் பள்ளிவாசல், இன்னொரு வீட்டில் பாடசாலை. ‘வணக்கத்தலம்’ எல்லோருக்கும் பொது. ‘பூசை’, ‘தொழுகை’, ‘திருப்பலி’ ஆகியவற்றுக்கு ஒரே சொல்லைத் தேடுவதைவிட, சமயத்துக்கொரு தாளாக மூன்று வடிவம் அச்சிட்டு அந்தந்தச் சொல்லை இடுவது சிறந்தது. வினாவின் வாக்கிய அமைப்பு மட்டும் மாறக்கூடாது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் மூலத்தைப் பாராமல் திருப்பி ஆங்கிலமாக்கி, பிறகு 10 பேரை உரத்து வாசிக்கவைத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறியுங்கள். அந்தப் பத்துப் பேரில் மலையகத்தவர், முஸ்லிம்கள், வடக்கிலிருந்து வந்தோர் என எல்லோரும் இருக்க வேண்டும்.

நடத்தும் விதமும் கணக்கும்

கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ வைத்தால் பக்திப் புள்ளி ஏறும். சமயச் சார்பற்ற வகுப்பறை தேடுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கத்து அறை வேண்டாம், பஸ் ஹோன் சத்தத்தில் மெட்ரிக்ஸ் ஓடாது. வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். ரமழான், தவக்காலம், கந்தசஷ்டி நாட்களில் ‘கடந்த மாதம் எத்தனை தரம்’ என்ற வினா அந்தச் சமூகத்துக்கு மட்டும் வீங்கிவிடும். முதலில் நுண்ணறிவுத் தாள், பிறகு சமயத் தாள். ‘பக்தர்கள் அறிவு குறைந்தவர்களா என்று பார்க்கிறார்கள்’ என்ற சந்தேகம் முதலே எழுந்தால் சோதனையில் மனம் ஒன்றாது. பெயர் எழுதவிடாதீர்கள், சமயத் தாளை மூடிய உறையில் பெறுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமய நம்பிக்கையைச் சிறப்பு வகைத் தரவாகக் கொள்கிறது. சம்மதப் படிவத்தில் இதைத் தனியாக எழுத வேண்டும்.

கணக்குப் போடும்போது மூன்று சமயத்தாரையும் ஒரே குவியலாக்காதீர்கள். உங்கள் மாதிரியில் முஸ்லிம்கள் மருதானையில் பாடசாலை விட்டு விலகிய இளைஞர்களாகவும், சைவர்கள் பம்பலப்பிட்டியில் பட்டதாரிகளாகவும் அமைந்துவிட்டால், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தொடர்பே இல்லாதபோதும் மொத்தத்தில் பெரிய எதிர்த்தொடர்பு தோன்றும். அது சமயத்தின் வேலையுமல்ல, நுண்ணறிவின் வேலையுமல்ல. ஆள் சேர்த்த இடத்தின் வேலை. ஒவ்வொரு சமயத்துக்குள்ளும் சராசரியைக் கழித்துவிட்டுத் தொடர்பைப் பாருங்கள். சமயங்களுக்கிடையே நுண்ணறிவுச் சராசரியை ஒப்பிட்டு அட்டவணை போட வேண்டாம். இந்த மாதிரி அதற்குரியதல்ல, அச்சில் வந்தபின் அந்த அட்டவணையை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதும் இந்த நாட்டில் தெரிந்ததே. வயது, பால், கல்வி ஆண்டுகள், மொழிமூலம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி ஒரு முறையும், கல்வியை விட்டுவிட்டு ஒரு முறையும் கணித்து இரண்டையும் எழுதுங்கள். நுண்ணறிவு கூடியவர் கூடுதலாகப் படிப்பதும் நடப்பதால், கல்வியைக் கழிக்கும்போது தேடும் பொருளின் ஒரு துண்டையும் கழித்துவிடுகிறோம்.

ஆகவே தெரிவு இப்படி அமையும். உரிமம் வாங்கப் பணமும் மேற்பார்வையாளரின் தகுதியும் இருந்தால் ரேவன். இல்லாவிட்டால் செப்பனிட்ட ஐகார் 21. சிந்தனைப் பாங்கை ஆராய்பவர் இவற்றில் ஒன்றோடு ஐந்தாறு சிந்தனை வினாக்களைச் சேர்க்கட்டும். ஒருவரைப் பற்றிய தீர்மானம் எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெக்ஸ்லர். சமயப் பக்கத்தில் ஹூபரின் 20 வினா, உறுதி அளவுடன். −0.14ஐக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 400 பேர் வேண்டும், சமயத்துக்கு 130 முதல் 135 பேர். அவ்வளவு பேரைச் சேர்க்க முடியாத தனி மாணவர், இருவர் மூவராகச் சேர்ந்து ஒரே கருவியைப் பயன்படுத்தித் தரவைப் பகிர்ந்துகொள்வது, 60 பேரை வைத்துத் தனித்தனியே மூன்று அரைகுறை ஆய்வு செய்வதைவிட எவ்வளவோ மேல்.

400 தாளையும் அச்சுக்குக் கொடுக்குமுன் 30 பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். நுண்ணறிவுத் தாளில் யாராவது முழுப் புள்ளி எடுக்கிறார்களா, சமயத் தாளில் எத்தனை பேர் 4.5ஐத் தாண்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். 30இல் 20 பேர் தாண்டினால் அச்சகத்துக்குப் போக வேண்டாம். மேசைக்குத் திரும்பி வினாக்களைக் கடினமாக்குங்கள்.